ஒரே நோய், இரண்டு பாதைகள்

கடந்த நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு எங்கள் உம்மும்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் கித்துள் கருப்பட்டி, முட்டை, தேங்காய்ப்பால், ஏலக்காய் எல்லாம் இருந்தன. வட்டிலாப்பம் எப்படிச் செய்வது என்று ஒரு சொல் பிசகாமல் எனக்குச் சொன்னார். எத்தனை முட்டைக்கு எவ்வளவு கருப்பட்டி, எந்தப் பால், எவ்வளவு நேரம் அவிய வேண்டும் என்பதெல்லாம் சரியாகவே இருந்தது. சொல்லி முடித்த பின்னரும் ஒரு முட்டையைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அவருடைய கைகளுக்குத் தெரியவில்லை.

அதற்கு ஒன்றரை வருடங்களுக்கு முன்னரே உம்மா அவரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றிருந்தார். அங்கே மூன்று சொற்களைச் சொல்லி, சில நிமிடங்கள் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்லும்படி கேட்டார்கள். உம்மும்மா மூன்றையும் சொன்னார். அதோடு நிற்காமல் வைத்தியரின் ஊரையும் விசாரித்து, அந்த ஊரில் எங்களுக்கு யார் யார் சொந்தம் என்பதையும் எடுத்துக் கூறினார். "நல்லாத்தானே கதைக்கிறாங்க, இது வயசுக்குரிய மறதி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கும் அது நிம்மதியாகவே இருந்தது. பெருநாளுக்குப் பின்னர் வேறு இடத்தில் விரிவாகப் பரிசோதித்தபோதுதான் அது அல்சைமர் நோய் என்று தெரிய வந்தது.

இவ்வளவு நன்றாகக் கதைப்பவரிடம் இப்படியொரு நோய் எப்படி ஒளிந்திருந்தது? உயிரியல் பாடம் படிக்கும் மாணவி என்ற வகையில் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்ட விடயம் ஒன்றுதான். மூளையைத் தாக்கும் இந்நோய்கள் ஆணிடமும் பெண்ணிடமும் ஒரே மாதிரி வருவதில்லை, ஒரே மாதிரி வளர்வதில்லை, மருந்துக்கும் ஒரே மாதிரி இணங்குவதில்லை. இருந்தும் நெடுங்காலமாக இருவரையும் ஒரே அளவுகோலாலேயே அளந்து வந்திருக்கிறார்கள். அதையே இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றேன்.

நரம்புச் சிதைவு நோய்கள்

எமது தோலிலும் குருதியிலும் உள்ள கலங்கள் இறந்தால் அவற்றின் இடத்தைப் புதிய கலங்கள் நிரப்புகின்றன. மூளையின் நரம்புக் கலங்களோ பெரும்பாலும் அவ்வாறு ஈடுசெய்யப்படுவதில்லை. அவை படிப்படியாகச் செயலிழந்து இறந்துபோவதால் உண்டாகும் நோய்களையே நரம்புச் சிதைவு நோய்கள் என்கிறோம். அவற்றுள் அல்சைமர், பார்க்கின்சன் ஆகிய இரண்டும் அதிகமாகக் காணப்படுபவை.

அல்சைமர் நோயில் இரண்டு புரதங்கள் மூளையில் தேங்குகின்றன. அமிலோயிட் எனும் புரதம் நரம்புக் கலங்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிகின்றது. டௌ எனும் புரதம் கலங்களுக்கு உள்ளே நூல் சிக்குப்பட்டதுபோல் முறுக்கிக்கொள்கின்றது. முதலில் புதிய நினைவுகளும், பின்னர் மொழியும், திசையும், அன்றாட வேலைகளும் கைநழுவுகின்றன. பார்க்கின்சன் நோயில் டோபமைன் எனும் இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் அழிகின்றன. அதனால் கை நடுங்கும், உடல் விறைக்கும், அசைவு மந்தமாகும்.

மறதிநோயுடன் வாழ்வோர் 2021ஆம் ஆண்டில் உலகில் 57 மில்லியன் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவர்களுள் பெரும்பான்மையானோருக்கு இருப்பது அல்சைமர் நோயே.

முதல் நோயாளிகள்

இவ்விரு நோய்களும் வைத்திய உலகுக்கு அறிமுகமான வரலாற்றிலேயே ஒரு சுவையான வேறுபாடு உண்டு. 1817ஆம் ஆண்டு இலண்டன் வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் அவர் ஆறு நோயாளிகளை விபரித்தார். அவர்களில் சிலரை அவர் வீதியில் நடந்து செல்லும்போது கண்டதோடு சரி. அந்த ஆறு பேரும் ஆண்கள்.

1901ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரிலுள்ள மனநல வைத்தியசாலையில் 51 வயதான ஒகுஸ்ட டீற்றர் என்பவர் சேர்க்கப்பட்டார். அவரைப் பரிசோதித்தவர் அலோய்ஸ் அல்சைமர். நோயாளி 1906இல் இறந்த பின்னர் அவரது மூளையை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, மேற்சொன்ன திட்டுகளையும் சிக்கல்களையும் அல்சைமர் கண்டார். அவர் பெயரால் அழைக்கப்படும் நோயின் முதல் நோயாளி ஒரு பெண்.

ஆறு பேரையும் ஒருவரையும் வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் பின்னர் வந்த கணக்கெடுப்புகள் அதே திசையையே காட்டின. ஐக்கிய அமெரிக்காவில் அல்சைமர் நோயுடன் வாழ்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். பார்க்கின்சன் நோயோ பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகமாக வருகின்றது.

வயது மட்டும்தான் காரணமா?

"பெண்கள் கூடிய காலம் வாழ்கிறார்கள், முதுமையில் வரும் நோய் அவர்களுக்குக் கூடுதலாக வருவதில் என்ன புதினம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அல்சைமர் நோய்க்கு வயதே மிகப் பெரிய ஆபத்துக் காரணி. பெண்களின் எண்ணிக்கை கூடுதலாக இருப்பதற்கும் அதுவே முக்கிய காரணம். எனினும் அது மட்டும் போதாது என்பதைப் பின்வரும் விடயங்கள் காட்டுகின்றன.

முதலாவது பரம்பரை அலகு. அபோ ஈ எனும் பரம்பரை அலகுக்கு மூன்று பிரதான வகைகள் உண்டு. அவற்றுள் நான்காம் இலக்கமுடைய வகை அல்சைமர் ஆபத்தைக் கூட்டுகின்றது என்பது 1993இல் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 58,000 பேரின் தரவுகளைச் சேர்த்து 2017இல் வெளியான ஆய்வொன்று, அவ்வலகின் ஒரு பிரதியைக் கொண்ட ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டது. 55 முதல் 85 வரையான முழு வயதெல்லையில் இரு பாலாரின் ஆபத்தும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தது. ஆனால் 65 முதல் 75 வரையான பத்து வருடங்களில் பெண்களின் ஆபத்து ஆண்களினதை விட உயர்ந்திருந்தது. ஒரே பரம்பரை அலகுதான், ஆனால் அது பெண்ணைச் சற்று முந்தியே வந்தடைகின்றது.

இரண்டாவது ஓமோன். பெண் ஓமோனாகிய ஈஸ்ட்ரஜன் இனப்பெருக்கத்துடன் மட்டும் தொடர்புடையதல்ல. மூளைக் கலங்கள் குளுக்கோசிலிருந்து சக்தியைப் பெறுவதற்கும் அது துணை செய்கின்றது. ஆண்களில் ஓமோன் வயதோடு மெதுவாகக் குறைகின்றது. பெண்களில் ஐம்பது வயதையண்டி மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரஜன் சில வருடங்களுக்குள்ளேயே சரிந்துவிடுகின்றது. மூளை அம்மாற்றத்துக்குப் பழக வேண்டியிருக்கின்றது.

மூன்றாவது நிறமூர்த்தம். பெண்ணின் கலங்களில் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள் இருப்பதையும் அவற்றில் ஒன்று அடங்கியிருப்பதையும் நாம் படித்திருக்கிறோம். ஆனால் அடங்கியிருக்கும் நிறமூர்த்தத்தின் எல்லா அலகுகளும் உறங்குவதில்லை. சில விழித்தே இருக்கின்றன. அவ்வாறான அலகுகளில் ஒன்று உருவாக்கும் நொதியம் பெண்களின் மூளையில் கூடுதலாக இருப்பதாகவும், அது டௌ புரதம் அகற்றப்படாமல் தேங்க உதவுவதாகவும் 2022இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அமிலோயிட் மிகுந்த முதியோரின் மூளைப் படங்களை ஒப்பிட்டவர்களும், அதன் அளவு சமமாக இருக்கையில் பெண்களிடம் டௌ கூடுதலாகப் படிந்திருப்பதைக் கண்டனர்.

நன்றாகக் கதைப்பவரின் நோய்

இப்போது உம்மும்மாவின் மூன்று சொற்களுக்கு வருகின்றேன். மறதிநோயைக் கண்டறியும் பரீட்சைகளில் சொற்களை நினைவுகூரச் செய்வது முக்கியமான பகுதி. பொதுவாகப் பெண்கள் வாழ்நாள் முழுவதும் இவ்வகைச் சொல் நினைவில் ஆண்களைவிடச் சற்று முன்னிற்பவர்கள். மூளையில் நோய் தொடங்கிய பின்னரும் இந்த முன்னிலை சில காலம் நீடிக்கின்றது. மூளைப் படங்களையும் பரீட்சைப் புள்ளிகளையும் ஒப்பிட்டு 2016ஆம் ஆண்டளவில் வெளியான அமெரிக்க ஆய்வுகள் இதனைத் தெளிவாகக் காட்டின. மூளையின் பாதிப்பு ஒரே அளவில் இருக்கும் ஓர் ஆணையும் பெண்ணையும் பரீட்சித்தால், ஆண் தவறிவிடலாம், பெண் சித்தியடைந்துவிடலாம்.

கேட்பதற்கு இது பெண்களுக்குக் கிடைத்த நன்மை போலத் தோன்றும். ஒரு விதத்தில் நன்மைதான், நோய் தொடங்கிய பின்னரும் அவர்கள் கூடிய காலம் சமாளிக்கிறார்கள். ஆனால் நோய் வெளியே தெரியும்போது மூளையில் அது வெகுதூரம் சென்றுவிட்டிருக்கும். அந்தக் கட்டத்தில் சொல் நினைவின் முன்னிலையும் மறைந்துவிடுகின்றது. அதன் பின்னர் பெண்களின் சரிவு ஆண்களினதை விட வேகமாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. தாமதமாகத் தெரிந்த நோய்க்குச் சிகிச்சையும் தாமதமாகவே தொடங்குகின்றது.

இதனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைக்கலாமா என்று ஆராய்ந்தார்கள். அப்படிச் செய்தபோது, நோயில்லை என்று கருதப்பட்ட பெண்கள் சிலரிடம் நோயின் ஆரம்பம் இருப்பது தெரிந்தது. நோய் உள்ளவர்கள் என்று கருதப்பட்ட ஆண்கள் சிலர் அப்பட்டியலிலிருந்து நீங்கினார்கள். ஒரே அளவுகோல் இரு பாலாரையும் பிழையாக அளந்திருந்தது என்பதே இதன் பொருள்.

எங்கள் உம்மும்மாவின் விடயத்திலும் இதுதான் நடந்தது என்று நான் அடித்துக் கூற மாட்டேன். ஆனால் அன்று அவருடைய பேச்சை மட்டும் கேட்காமல், சமையலில் உப்பு இரண்டு முறை விழுவதையும், எண்ணிக் கொடுக்கும் காசு பிழைப்பதையும் நாங்கள் சொல்லியிருந்தால் அந்த ஒன்றரை வருடம் வீணாகியிராது என்று நினைக்கின்றேன். அவற்றை நாங்கள் வீட்டில் கண்டோம், வைத்தியரிடம் சொல்லவில்லை.

பார்க்கின்சனும் மருந்தின் அளவும்

பார்க்கின்சன் ஆண்களின் நோய் என்று எண்ணுவதாலும் பெண்களுக்கு இழப்பு உண்டு. பெண்களில் இந்நோய் சராசரியாக இரண்டு வருடங்கள் பிந்தித் தொடங்குவதாகவும், நடுக்கமே முதல் அறிகுறியாக வருவது அவர்களிடம் கூடுதல் என்றும் நெதர்லாந்தில் நடந்த ஆய்வொன்று கண்டது.

1960களின் பிற்பகுதியிலிருந்து இந்நோய்க்கு முதன்மையான மருந்து லெவோடோபா. மூளைக்குள் சென்று டோபமைனாக மாறி, குறைபாட்டை ஈடுசெய்வதே அதன் வேலை. ஒரே அளவு மாத்திரையை உட்கொள்ளும்போது பெண்களின் குருதியில் மருந்தின் செறிவு கூடுதலாகின்றது. உடல் நிறை குறைவாக இருப்பது அதற்கு ஒரு காரணம். அம்மருந்தை நீண்ட காலம் பாவிப்போருக்குக் கை, கால், கழுத்து ஆகியன தாமாகவே வளைந்து நெளியும் பக்கவிளைவு ஏற்படலாம். இது பெண்களில் அதிகமாகவும் முந்தியும் வருகின்றது. ஆகவே அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதும், நிறையைக் கவனிப்பதும் அவசியமாகின்றன. மருந்து போதாத நிலையில் மூளைக்குள் மெல்லிய மின்வாயைப் பொருத்தும் சத்திரசிகிச்சை ஒன்றும் உண்டு. பல நாடுகளில் அச்சிகிச்சையைப் பெறும் பெண்களின் விகிதம், நோயுள்ள பெண்களின் விகிதத்தைவிடக் குறைவு.

ஆய்வில் இல்லாத பெண்கள்

மருந்தின் அளவு ஏன் பெண்ணுக்குப் பொருந்தாமல் போகின்றது? அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1977இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், பிள்ளை பெறக்கூடிய வயதுடைய பெண்களை மருந்துகளின் ஆரம்பக்கட்டப் பரிசோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. கருவிலுள்ள குழந்தையைப் பாதுகாப்பதே நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் அதன் விளைவாகப் பல மருந்துகளின் அளவு ஆணின் உடலை வைத்தே தீர்மானிக்கப்பட்டது. 1993இல்தான் அவ்வழிகாட்டல் நீக்கப்பட்டது.

இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் சொல்பிடெம் எனும் தூக்க மாத்திரை. 1992இல் அங்கு அனுமதி பெற்ற அம்மருந்து பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுவதால், காலையிலும் அவர்களின் குருதியில் மிகுந்திருந்தது. 2013இல் பெண்களுக்குரிய அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கும்படி அதே நிர்வாகம் பணித்தது. இடையில் இருபது வருடங்கள் கடந்துவிட்டிருந்தன.

அண்மைய உதாரணம் அல்சைமர் நோய்க்கான லெகானெமாப். மூளையிலுள்ள அமிலோயிட்டை அகற்றும் இம்மருந்தை, ஆரம்ப நிலையிலுள்ள 1,795 பேரைச் சேர்த்து 18 மாதங்கள் பரிசோதித்தார்கள். மருந்து பெறாதோருடன் ஒப்பிடும்போது நோயின் நகர்வு 27 சதவீதம் மெதுவடைந்தது. செய்திகளில் வந்த எண்ணிக்கை இதுதான். அதைப் பிரித்துப் பார்த்தபோது ஆண்களில் 43 சதவீதமும் பெண்களில் 12 சதவீதமுமாக இருந்தது. ஆண், பெண் ஒப்பீட்டுக்காக வடிவமைக்கப்பட்ட ஆய்வு அல்ல இது. எனவே இவ்வேறுபாட்டில் தற்செயலுக்கும் பங்கிருக்கலாம். ஆனாலும் நோயாளிகளில் பெரும்பான்மையினர் பெண்களாக இருக்கும் நோய்க்கு, பெண்களில் எவ்வளவு பயன் என்ற கேள்வியைத் தனியாகக் கேட்டிருக்க வேண்டாமா?

மறுபுறத்தில், காரணம் தெரிந்துவிட்டது என்று அவசரப்படுவதும் ஆபத்து. ஈஸ்ட்ரஜன் குறைவதுதான் காரணமென்றால் அதைக் கொடுத்தால் போதுமே என்று நானும் முதலில் நினைத்தேன். 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 4,500 பெண்களிடம் ஈஸ்ட்ரஜனையும் புரொஜெஸ்டினையும் சேர்த்துக் கொடுத்து நடத்திய அமெரிக்க ஆய்வின் முடிவு 2003இல் வெளியானது. மறதிநோயின் ஆபத்து குறையவில்லை, ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. ஊகத்தைப் பெண்களிடமே முறைப்படி பரிசோதித்ததால்தான் அது தெரிய வந்தது.

எம்மால் ஆகக்கூடியவை

சகோதரிகளே, இது வைத்தியர்களின் விடயம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. மறதிநோயாளர்களுக்கு வீட்டில் வழங்கப்படும் பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதத்தைப் பெண்களே வழங்குகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. நோயாளியும் பெண், அவருக்கு உணவூட்டிக் குளிப்பாட்டுபவரும் பெண். எங்கள் வீட்டில் அது உம்மாவும் சாச்சியும்.

லான்செட் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகின் மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ பிற்போடவோ முடியும் என்கின்றது. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, செவிப்புலன் குறைவு, உடலசைவின்மை, தனிமை ஆகியன அவற்றுள் அடங்கும். இளமையில் கல்வி குறைவாக இருந்ததும் அப்பட்டியலில் ஒன்று. படித்த மூளை பாதிப்பைக் கூடிய காலம் தாங்கும் என்பதே இதற்கான விளக்கம். இதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. உம்மும்மா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். அவருடைய தம்பிமார் தொடர்ந்து படித்தார்கள். ஆக, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான வேறுபாடுகள் அனைத்தும் உடலில் எழுதப்பட்டவை அல்ல. சில நாம் உண்டாக்கியவை, நாமே மாற்றக்கூடியவை.

அறிந்தவற்றையெல்லாம் அறியாத நிலைக்கு மனிதன் முதுமையில் திரும்புவதை அல்குர்ஆன் ஸூரா அந்நஹ்லில் நினைவூட்டுகின்றது. அந்நிலையில் உள்ளவர்களிடம் பொறுமையோடு நடப்பது எமது கடமை. அதோடு அவர்களைக் கூர்ந்து கவனிப்பதும் கடமைதான். வீட்டிலுள்ள மூத்த பெண்கள் நன்றாகக் கதைக்கிறார்கள் என்பதோடு திருப்தியடையாமல், கைகள் செய்யும் வேலையைப் பாருங்கள். காசு எண்ணுவது, மருந்தை நேரத்துக்கு எடுப்பது, பழகிய சமையல், பழகிய பாதை ஆகியவற்றில் தடுமாற்றம் தெரிந்தால் திகதியோடு குறித்து வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். எங்களில் நாளை வைத்தியராகவோ ஆய்வாளராகவோ வரப்போகும் சகோதரிகள், எந்த மருந்தைக் கையிலெடுத்தாலும், "இதைப் பரிசோதித்தபோது எத்தனை பெண்கள் இருந்தார்கள், அவர்களில் என்ன நடந்தது?" என்று கேட்கப் பழகுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய இரவும் நாங்கள் வட்டிலாப்பம் செய்தோம். இம்முறை உம்மும்மா கதிரையில் இருந்து சொல்ல, நான் செய்தேன். முட்டை, பால், ஏலக்காய் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் கருப்பட்டியைச் சொல்ல மறந்துவிட்டார். நான் எதுவும் கேட்காமல் அதைக் கரைத்து ஊற்றினேன். பிறகு என் கொப்பியை எடுத்து அன்றைய திகதியையும் எழுதி வைத்தேன். அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கொப்பியும் போகும்.

அல்லாஹ் அவருக்கும் எல்லா நோயாளர்களுக்கும் ஆறுதலை வழங்குவானாக.